சாரல் மாசத்தில் வாடுகிற தொட்டிச்செடி

சீசனுக்குக் குற்றாலம் வந்து போகிறவர்களின் பையில் நேந்திரங்காய் சிப்ஸும் மங்குஸ்தானும் இருக்கும். கொஞ்ச வருஷமாக அதோடு ஒரு செடியும் சேர்ந்துகொண்டது. ரோட்டோர நர்சரியில் கருப்புக் கவருக்குள் பளபளவென்று நிற்கிற பீஸ் லில்லி, அக்லோனிமா, மணி பிளாண்ட், அரிக்கா பாம். ஐந்தருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறையின் எக்கோ பார்க்கைச் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு தொட்டியாவது வாங்காமல் மனசு ஆறாது. வெளியூர்க்காரர்கள் என்றில்லை. இங்கே குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவிலும் வாசல்படியின் இரண்டு பக்கமும், டிவி ஸ்டாண்டு ஓரத்திலும், மாடிப்படித் திருப்பத்திலும் இப்போது செடிதான்.

ஆடி முடிவதற்குள் அதில் பல செடிகள் தலையைத் தொங்கப் போட்டுவிடும். பார்த்ததும் கை தானாகச் செம்பைத் தேடும். ஊற்றுவோம். மறுநாளும் தொங்கும், மறுபடி ஊற்றுவோம். கடைசியில் "எனக்குச் செடி ராசி கிடையாது" என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்துவிடுவோம். இந்த ராசிப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். செடியைக் கொன்றது ராசியில்லை. தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடியும், தண்ணீர் கூடிப்போய் வாடுகிற செடியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தொங்கும். வைத்தியமோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். எது என்று தெரியாமல் கொடுக்கிற தண்ணீர்தான் கொல்கிறது.

போன சீசனில் பக்கத்து வீட்டு மதினி கூப்பிட்டார்கள். "தம்பி, இதக் கொஞ்சம் வந்து பாருங்க. தெனமும் தவறாம தண்ணி ஊத்துதேன். ஊத்த ஊத்தத் தொங்கிக்கிட்டே போகுது."

ஹால் மூலையில் ஒரு பீஸ் லில்லி, வெள்ளைப் பீங்கான் தொட்டியில். இலைகள் எல்லாப் பக்கமும் சரிந்து கிடந்தன. அடியிலை இரண்டு மஞ்சள். மண்ணில் விரலை வைத்தால் சேறு. தொட்டியைத் தூக்கினால் கனம் கையை இழுத்தது. பீங்கானுக்குள் இருந்த நர்சரிக் கவரை வெளியே எடுத்தபோது அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, சாக்கடை வாடை. பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை.

"தண்ணி போதலியோன்னு நெனச்சேன்" என்றார்கள்.

"இனி நான் சொல்லுத வரைக்கும் ஒரு சொட்டு ஊத்த வேண்டாம் மதினி."

அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. வாடி நிற்கிற செடிக்குத் தண்ணீர் கொடுக்காதே என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

இலை நிமிர்ந்து நிற்பது அதற்குள் இருக்கிற தண்ணீரின் பலத்தில். ஒவ்வொரு செல்லிலும் தண்ணீர் நிரம்பி, செல்சுவரை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதை விறைப்பழுத்தம் என்பார்கள். இலையின் அடியில் இருக்கிற நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். போனதை வேர் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்ட முடியாதபோது அழுத்தம் இறங்கி இலை தொங்குகிறது. மண்ணில் தண்ணீர் இல்லையென்றால் வேரால் முடியாது, இது எல்லோருக்கும் புரிகிறது. மண் முழுக்கத் தண்ணீர் இருந்தாலும் வேரால் முடியாமல் போகும் என்பதுதான் பிடிபடாமல் போகிறது.

வேருக்கும் மூச்சு உண்டு. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கிறவரைதான் அது கிடைக்கும். அந்த இடைவெளியெல்லாம் தண்ணீரால் அடைபட்டால், ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவித்தான் வேரை அடைய வேண்டும். காற்றில் பரவுவதைவிட அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவு. வேர் திணறத் தொடங்கும். செல்களின் சவ்வில் தண்ணீர் போய்வருவதற்கென்றே வாசல்கள் உண்டு, அக்வாபோரின் என்று பேர். அதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேக்கு 2003-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் பிரான்சு ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிற வேர்ச்செல்லின் உள்ளே அமிலம் கூடுகிறது, அது கூடியதும் இந்த வாசல்கள் மூடிக்கொள்கின்றன. தண்ணீருக்குள்ளேயே நின்றாலும் செடி தாகத்தில் வாடும். அந்த நேரத்தில் நாம் ஊற்றுகிற ஒவ்வொரு செம்பும் மிச்சமிருக்கிற காற்றையும் வெளியே தள்ளுகிறது. அப்புறம் பித்தியம், பைட்டோப்தோரா மாதிரி அழுகல் நோய்க்கிருமிகள் வந்து வேலையை முடித்துவிடும்.

இதைச் சொன்னதும் மதினி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "அப்போ செண்பகாதேவிக்குப் போற வழியில, பாறையில ஒட்டிக்கிட்டு நிக்கிற செடியெல்லாம்? அதுமேல பொழுதுக்கும் தண்ணி விழுந்துக்கிட்டுத்தான இருக்கு?" உண்மைதான். சாரல் காலத்தில் அருவிக்கரைப் பாறை இடுக்கில் பெகோனியாவும் பெரணியும் நாளெல்லாம் நனைந்தபடி தளதளவென்று நிற்கும். ஆனால் அங்கே தண்ணீர் ஓடுகிறது. விழுந்து சிதறி, காற்றைக் கலந்துகொண்டு, வேரைத் தொட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறது. பாறை இடுக்கில் மண்ணும் கைப்பிடிக்கு மேல் இருக்காது. மதினியின் தொட்டியிலோ விழுந்த தண்ணீர் போக வழியில்லாமல் நின்றது.

நம்ம பக்கத்துக் காலநிலை இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. சென்னையிலோ மதுரையிலோ இருந்து செடி வளர்ப்பு வீடியோ போடுகிறவர்கள் "இரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி" என்று சொல்லுவதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக நம்மிடம் காற்றும் சாரலுமாக வருகிறது. ஆனி, ஆடியில் வெயில் மங்கல், காற்றில் ஈரம். அந்த நாட்களில் வீட்டுக்குள் இருக்கிற செடி குடிப்பது மிகவும் குறைவு. சித்திரையில் எவ்வளவு ஊற்றினோமோ அதே அளவை ஆடியிலும் ஊற்றினால் அது தேங்காமல் என்ன செய்யும்?

வெளியே இருக்கிற தொட்டிகளின் கதை வேறு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. நாள் முழுக்கச் சாரல் அடித்தாலும் சாரல் மழையாகாது. நமக்கு மண் குளிரப் பெய்கிற மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. சாரல் இலையை நனைக்கும், மண்ணின் மேல்தோலைக் கறுப்பாக்கும். அகல இலைச் செடியாக இருந்தால் தொட்டிக்குள் ஒரு துளி இறங்காது. மேலே ஈரமாகத் தெரிவதால் நாமும் ஊற்ற மாட்டோம். நடுவில் கொஞ்சம் வெயில் காட்டி, ஓயாமல் காற்றும் அடிக்கிறபோது திண்ணையோரச் செம்பருத்தி உள்ளுக்குள் காய்ந்து வாடிவிடும். ஒரே வீட்டில், ஒரே நாளில், ஹாலில் இருக்கிற செடி மூழ்கிச் சாகும், திண்ணையில் இருக்கிறது காய்ந்து சாகும். நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றுவது இங்கே சரிப்படாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வெளிச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நர்சரியில் பச்சை நிழல்வலைக்கு அடியில் நல்ல வெளிச்சத்தில் நின்ற செடியை நாம் கொண்டுவந்து டிவிக்குப் பின்னால் வைக்கிறோம். வெளிச்சம் குறைந்தால் செடியின் தாகமும் குறையும். நர்சரி அண்ணாச்சி "தெனமும் தண்ணி விடுங்க" என்று சொன்னது அவர் இடத்துக்குச் சரி. நம் ஹால் இருட்டுக்கு அது பொருந்தாது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? விரல்தான் முதல் கருவி. ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு உள்ளே விடுங்கள். மேல்மண் காய்ந்திருப்பது கணக்கில்லை, உள்ளே என்ன என்பதுதான் கணக்கு. பெரிய தொட்டியென்றால் விரல் எட்டாது. விளக்குமாற்றில் ஒரு ஈர்க்குச்சியை உருவி அடிவரை குத்தி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். ஈரம் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று குச்சியிலேயே தெரியும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. முழுக்கத் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு ஒருதரம் தூக்குங்கள். வாடத் தொடங்குகிற நேரத்தில் ஒருதரம் தூக்குங்கள். இந்த இரண்டு கனமும் கைக்குப் பழகிவிட்டால் அப்புறம் விரலை அழுக்காக்கவே வேண்டாம். இது சாதாரண வீட்டு வழக்கம்போலத் தோன்றும். ஆனால் செடி எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று முதலில் கணக்கிட்டவர்களில் ஒருவரான ஸ்டீபன் ஹேல்ஸ் செய்ததும் இதைத்தான். இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்தவர். மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி நின்ற தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடிவிட்டு, காலையும் மாலையும் தராசில் வைத்து நிறுத்தார். பகல் 12 மணி நேரத்தில் அந்த ஒற்றைச் செடி சராசரியாக அரை கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக விட்டது. 1727-ல் புத்தகமாகப் போட்டார். முன்னூறு வருஷமாகியும் அந்த முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இலையும் கொஞ்சம் சொல்லும். காய்ந்து வாடுகிற செடியின் இலை மெலிந்து, ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும். மண் தொட்டிச் சுவரைவிட்டு விலகி வெடித்திருக்கும். மூழ்கி வாடுகிறதில் அடியிலை முதலில் மஞ்சளாகும், தண்டின் அடி கொழகொழக்கும், மண்ணில் புளித்த வாடை வரும், தொட்டியைத் தட்டினால் கொசு மாதிரி பொடி ஈக்கள் கிளம்பும். இன்னொரு வாட்டமும் உண்டு: பங்குனி, சித்திரை மத்தியான வெயிலில் இலை தொங்கி, பொழுது சாய்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடுவது. அந்த நேரத்துக்கு வேரால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் செடி வாடியிருக்கிறதா என்று மத்தியானத்தில் முடிவெடுக்காதீர்கள், விடியக்காலையில் பாருங்கள்.

காய்ந்ததைக் காப்பாற்றுவது சுலபம். ஆனால் மேலே ஊற்றினால் பலன் இருக்காது. நன்றாகக் காய்ந்த மண் தண்ணீரை உள்ளே விடாது. சுவரோரம் வழிந்து அடி ஓட்டை வழியாக ஓடிவிடும், நாமும் "நல்லா ஊத்திட்டோம்" என்று நினைத்துக்கொள்வோம். ஒரு வாளியில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் வைத்து அதில் தொட்டியை அப்படியே இறக்குங்கள். அரை மணி நேரத்தில் அடியிலிருந்து உறிஞ்சி மேல்மண் வரை ஈரமாகிவிடும். எடுத்து வடியவிட்டு நிழலில் வையுங்கள். பீஸ் லில்லியாக இருந்தால் அன்றைக்கு ராத்திரிக்குள் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். அமெரிக்க வெப்பமண்டலக் காட்டுத் தரையில் ஈரத்திலேயே வளர்ந்த இனம் அது, தாகம் வந்ததும் முதலில் சொல்லிவிடும்.

மூழ்கினதைக் காப்பாற்றப் பொறுமை வேண்டும். மதினியின் செடியைக் கவரைக் கிழித்து வெளியே எடுத்தோம். வேரில் பாதி கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தது. அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு வெள்ளையாக, கெட்டியாக இருந்த வேரை மட்டும் விட்டோம். மஞ்சள் இலைகளையும், பச்சை இலைகளில் ஒன்றிரண்டையும் எடுத்துவிட்டோம். வேர் குறைந்திருக்கிறபோது இலையும் குறைந்தால்தான் கணக்கு ஒத்துவரும். ஈரம் போகப் பழைய பேப்பரில் கொஞ்ச நேரம் வைத்தோம். பிறகு வேர் கொள்ளுகிற அளவுக்கு மட்டும் சின்ன மண்தொட்டி. பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் சும்மா ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சுட்ட மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும் என்பதால் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிப் பழகினவர்களுக்கு நான் பிளாஸ்டிக்கைச் சொல்வதே இல்லை. பக்கத்தில் தேன்பொத்தையில் மண்பாண்டம் செய்கிறவர்கள் இருக்கும்போது நாம் ஏன் ஓட்டையில்லாத பீங்கானைத் தேடிப் போகவேண்டும்?

உரம் போடவில்லை. "கொஞ்சம் டிஏபி போடட்டா, சீக்கிரம் தெளியும்லா?" என்று மதினி கேட்டார்கள். நோயாளிச் செடிக்கு ரசாயன உரம் போட்டால் மண்ணில் உப்பு கூடி, இருக்கிற கொஞ்ச வேரும் கருகும். நடுவிலிருந்து சுருட்டிக்கொண்டு புது இலை ஒன்று வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். அது வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மதினிக்குச் சீசன் முடிகிற சமயத்தில் புது இலை வந்தது. போனில் படம் எடுத்து அனுப்பினார்கள்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், சிக்கலின் மூலம் அங்கேதான் இருக்கிறது. நர்சரிச் செடிகள் பலவும் தென்னை நார்க்கழிவில், அதாவது கோகோபீட்டில், நட்டு வருகின்றன. எடை குறைவு, லாரியில் ஏற்ற வசதி. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். வெயிலில் நிற்கிற நர்சரிக்கு அது நல்லது, சாரல் மாசத்து ஹாலுக்கு ஆகாது. நம்ம தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் போட்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகிவிடும். நான் செம்மண்ணோடு மக்கின சாணி உரமும், கொரகொரப்பான மணலும், விரல்நக அளவு செங்கல் துண்டுகளும் கலப்பேன். மணல் கிடைக்கவில்லையென்று எம்-சாண்டை அப்படியே போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கிற மாவுத்தூள் இடைவெளிகளை அடைத்துவிடும். சலித்துக் கழுவிப் போட்டால் பரவாயில்லை.

செங்கல் துண்டை மண் முழுக்கக் கலக்க வேண்டும். அடியில் தனி அடுக்காகப் போடுகிற பழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு, அதனால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்ற நம்பிக்கையில். நடப்பது வேறு. பொடிமண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் சும்மா இறங்காது. மேல்மண் முழுக்க நிறைந்து ததும்பினால்தான் இறங்கும். ஆக, தொட்டியின் அடியில் இருந்திருக்கவேண்டிய சொதசொதப்பு ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓட்டை வழியாக மண் போகாமலிருக்க ஒரு ஓட்டுச்சில்லு போதும்.

ஊற்றும்போது, அடி ஓட்டையில் தண்ணீர் வருகிற வரை தாராளமாக ஊற்றுங்கள். பிறகு உள்மண் காய்கிற வரை தொடாதீர்கள். தினமும் அரை டம்ளர் என்கிற முறைதான் எனக்குப் பயம். மேலே மட்டும் நனைந்து அடிவேர் காயும், போர் தண்ணீரில் இருக்கிற உப்பெல்லாம் கழுவப்படாமல் மண்ணிலேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருப்பது அந்த உப்புதான். தட்டில் வடிந்த தண்ணீரை அப்போதே கொட்டிவிடுங்கள். செடிக்காக மட்டும் சொல்லவில்லை. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குத் தட்டில் நிற்கிற அந்தத் தண்ணீரே போதும், முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான்.

எல்லாச் செடிக்கும் ஒரே அளவும் கிடையாது. ஸ்நேக் பிளாண்ட் மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக்காரன். ராத்திரியில்தான் இலைத்துளைகளைத் திறக்கும், அதனால் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. இஸட் இஸட் பிளாண்ட் மண்ணுக்கடியில் கிழங்கில் சேர்த்து வைத்திருக்கும். இவை இரண்டையும் மறந்து போனாலும் பிழைத்துக்கொள்ளும், தினமும் கவனித்தால் அழுகிவிடும். மணி பிளாண்ட் எதற்கும் ஈடுகொடுக்கும். ஒருவேளை வேர் முழுக்கப் போய்விட்டாலும் கணுவோடு ஒரு துண்டு வெட்டித் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டால் மறுபடி வேர்விடும்.

துளசிதான் தர்மசங்கடம். வீட்டுச்செடி என்று பார்த்தால் நம் ஊரில் முதலில் வருவது மாடத்துத் துளசி. காலையில் குளித்துவிட்டு வந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கும்பிடாமல் எங்கள் ஆச்சிக்கு நாள் தொடங்காது. வெயிலை விரும்புகிற செடி. ஆனி, ஆடி மூடாப்பில் வெயிலும் கிடைக்காமல் தினமும் செம்புத் தண்ணீரும் விழுந்தால் இலை கறுத்து உதிரும். துளசி பட்டுப்போனால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் மனசு உடைந்துபோவார்கள். ஊற்றக்கூடாது என்று ஆச்சியிடம் எப்படிச் சொல்வது? சாரல் மாசங்களில் செம்புக்குப் பதிலாக உத்தரணி வைத்துக்கொடுத்தோம். ஒரு உத்தரணி தீர்த்தம் வேருக்கு, பூஜையும் நடக்கிறது. "சாமிக்கு அளவா முக்கியம்?" என்று ஆச்சியே சொல்லிவிட்டார்கள். மாடத்தின் அடியில் அடைபட்டுப் போயிருந்த ஓட்டையைக் கம்பியால் குத்திவிட்டோம், அதுவும் பெரிய உதவி.

கல்யாணம், கோவில் கொடை என்று ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாரல் மாசத்தில் போகிறீர்கள் என்றால் வீட்டுக்குள் இருக்கிற செடிக்கு முதல் நாள் முழுக்க ஊற்றி வடியவிட்டால் போதும், வேறொன்றும் தேவையில்லை. கோடையில் போகிறீர்கள் என்றால் ஜன்னலைவிட்டுத் தள்ளி, எல்லாத் தொட்டியையும் நெருக்கி ஒரே இடத்தில் வையுங்கள். பீஸ் லில்லி மாதிரி தாகக்காரச் செடிக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, தடித்த பருத்திக் கயிற்றை நனைத்து, ஒரு முனை வாளியின் அடியிலும் மறுமுனை மண்ணுக்குள் விரல் ஆழத்திலும் இருக்கும்படி போட்டுவிட்டால் கயிறு தானாக இழுத்துக் கொடுக்கும். வாளியை ஒரு துணியால் மூடிவிடுங்கள், கொசுவுக்காக. ஸ்நேக் பிளாண்டுக்கு இதெல்லாம் வேண்டாம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், "செடிக்குத் தண்ணி ஊத்திக்கிடுங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தத் தொட்டி, எவ்வளவு லேசானால் ஊற்ற வேண்டும் என்று ஒருதரம் அவர்கள் கையிலேயே தூக்கிக் காட்டிவிட்டுப் போங்கள்.